ஒரே பாறைக்கு மூன்று எழுத்துக்கூட்டல்: எதைப் பதிவு செய்வது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு கிராமத்து வரலாற்றுச் சங்கம், 1850 வாக்கில் தங்கள் கடற்கரை எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடம் ஒன்று தயாரிக்கிறது. அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. வரைபட மென்பொருள் நன்றாகத் தெரியும், தீவு மக்களின் மொழியான கேலிக் தெரியாது. ஒரு பாறைக்குப் பழைய வரைபடத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், இன்றைய வரைபடத்தில் இன்னொன்று, ஊர்ப் பெரியவர் வாயில் வருவது வேறொன்று. எது சரி, எதைப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

மூன்றையும் பதியுங்கள். ஒன்றோடொன்று கலக்காமல் பதியுங்கள். சரியான வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதை அழித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஒன்று 1850-இல் ஒரு ராணுவ அளவையாளர் காதில் விழுந்தது. இன்னொன்று பிற்பாடு யாரோ இலக்கணப்படி திருத்தி எழுதியது. மற்றது இன்றைக்குப் படகு ஓட்டுகிறவர் சொல்வது. மூன்றுமே சான்றுகள். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தினால், அடுத்து வருகிறவருக்கு மூன்றுமே இல்லாமல் போகும்.

அப்புறம், கேலிக் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கவனமாகக் கேட்கிறவருக்கு, கேட்டதை அப்படியே எழுதுகிறவருக்கு இந்த வேலையில் பெரிய இடம் உண்டு. அரைகுறையாக மொழி தெரிந்துகொண்டு, கேட்ட ஒலியைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதியவர்கள்தான் நிறையக் குழப்பியிருக்கிறார்கள்.

கரையில் ஏன் இத்தனை பெயர்?

லூயிஸின் மேற்குக் கரையில் அரை மைல் நடந்து பார்த்தால், பாறையில் விழுந்த ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பெயர் இருந்தது தெரியும். சிங்கி இறால் கூண்டு இறக்கும் இடம், கடற்பாசி அறுக்கும் பங்கு, தூண்டிலோடு உட்காரும் பாறை, ஆடு இறங்கி மாட்டிக்கொள்ளும் விளிம்பு, படகை இழுத்து ஏற்ற முடிகிற ஒரே கூழாங்கல் திட்டு, இப்படி ஒவ்வொன்றும் பிழைப்போடு ஒட்டியது. பனிமூட்டத்தில் துடுப்புப் போட்டு வரும்போது, இடப்பக்கம் அலை உடைகிற சத்தம் எந்தப் பாறையில் என்று தெரியாவிட்டால் வீடு வந்து சேர முடியாது. அதனால் பெயர்கள் மிக நுணுக்கமாக இருந்தன.

சில வகைச் சொற்களை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்கெர்' என்பது வற்றத்திலாவது, அதாவது கடல் வடியும் நேரத்திலாவது, தலை காட்டும் பாறை. 'போவ' நீருக்குள்ளேயே கிடப்பது. மேலே அலை உடைவதை வைத்துத்தான் இடம் தெரியும். நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்வதற்கு இது கிட்டத்தட்ட நெருங்கி வரும். 'கியோ' என்றால் செங்குத்தான சுவர்களுக்கு நடுவே கடல் குடைந்து நுழைந்த ஒடுங்கிய வெட்டு. 'மொல்' கூழாங்கல் கரை. 'லாய்வ்ரிக்' படகிலிருந்து கால் வைத்து இறங்கக்கூடிய இடம். 'பல்ல' குன்றின் முகத்தில் உள்ள படி. 'ருவ' முனை, 'ஊவ்' குகை.

இதில் கடைசி இரண்டு மட்டும்தான் கேலிக்கின் சொந்தச் சொற்கள். மற்றவை வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவை. கி.பி. 800-ஐ ஒட்டி வைக்கிங்குகள் இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். 1266-இல் பெர்த் உடன்படிக்கைப்படி நார்வே இவற்றை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. ஆட்சி போனாலும் கடல் தொழிலின் சொற்கள் கேலிக்குக்குள் தங்கிவிட்டன. லூயிஸின் வடகோடி முனையைக் கேலிக்கில் 'ருவ ரோவனிஷ்' என்பார்கள். முன்னால் நிற்கும் 'ருவ' கேலிக்கில் முனை. பின்னால் ஒட்டியிருக்கும் 'னிஷ்' நோர்ஸ் மொழியில் முனை. ஒரு மொழி மறைந்து இன்னொன்று வந்ததை அந்த ஒரு பெயரே சொல்லிவிடுகிறது.

வகைச் சொல்லே ஒரு தகவல் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். பெரியவர் ஒன்றை 'போவ' என்கிறார், உங்கள் பழைய வரைபடத்திலோ அதே இடத்தில் வெளியே தெரியும் பாறை வரைந்திருக்கிறது என்றால் நின்று கேளுங்கள். அவர் சொல்வது வேறு பாறையாக இருக்கலாம். அல்லது வருடத்தில் சில நாள் மட்டும், பெரிய வற்றத்தில் மட்டும் வெளியே வருவதாக இருக்கலாம்.

பெயர் வரைபடத்துக்கு வந்த வழி

பிரிட்டிஷ் ராணுவ அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் பெரிய அளவிலான வேலையை முதலில் அயர்லாந்தில் 1820-களில் தொடங்கியது. அங்கே 1830-இல் ஜான் ஓடானவன் என்ற ஐரிஷ் மொழி அறிஞர் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், பேசுகிறவர்களிடம் கேட்டு, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பெயருக்கும் ஐரிஷ் வடிவத்தைக் குறித்தார். ஆனால் அச்சுக்குப் போனது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். ஐரிஷ் வடிவம் பெயர்ப் புத்தகங்களில் தங்கிவிட்டது. இன்றைக்கு அயர்லாந்தில் இடப்பெயர் ஆய்வாளர்கள் அந்தப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதற்கு இதுதான் காரணம்.

லூயிஸுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அங்கே அளவை 1848 முதல் 1852 வரை நடந்தது. தீவையே 1844-இல் ஜேம்ஸ் மாதீசன் என்ற வணிகர் விலைக்கு வாங்கியிருந்த காலம் அது. அளக்க வந்த ராணுவப் பொறியாளர்கள் கேலிக் தெரியாதவர்கள். கேட்ட ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்தார்கள். 'கியோ' என்று காதில் விழும் சொல்லைக் கேலிக்கில் எழுதினால் நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகள் வரும். அவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, கேட்டபடியே மூன்று எழுத்தில் முடித்தார்கள்.

அயலான் ஒருவன் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து அவமானத்துக்குரியது என்று அதைத் தள்ளிவிட ஆசை வரும். தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதையும், கோடியக்கரை பாயிண்ட் காலிமியர் ஆனதையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் இயல்பாகவே வரும். கோபம் இருக்கட்டும், ஆனால் எழுத்தை அழித்துவிடாதீர்கள். அதில் ஒலி இருக்கிறது. டைரீ தீவுக்கு அப்பால், நடுக்கடலில் ஒரு பாறைக் கூட்டத்தின் மேல் ஆலன் ஸ்டீவன்சன் கட்டி 1844-இல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கெரிவோர்' என்று பெயர். கேலிக்கில் அது 'ஆன் ஸ்கெர் வோர்', பெரிய பாறை. பெரிய என்பதற்கான சொல் 'மோர்'. ஆனால் 'ஸ்கெர்' பெண்பால் சொல்லாதலால் அதற்குப் பின்னால் வரும் மகரம் இளகி வகரமாகிறது. அந்த வகரத்தை ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ஓர் ஊரில் இந்தப் பெயர்களைச் சொல்ல ஆளே இல்லாமல் போயிருந்தால், அந்தக் கரடுமுரடான ஆங்கில வடிவம்தான் பழைய உச்சரிப்புக்கு ஒரே சாட்சியாக நிற்கும்.

ஒரு சின்ன விலகல். லூயிஸின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேயில் பிறந்தவர்தான் காலின் மெக்கன்சி. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி சுவடிகள் அவர் திரட்டியவை. ஊர் ஊராக ஆள் அனுப்பித் தென்னிந்தியாவின் தல வரலாறுகளை எழுதி வாங்கியவர் பிறந்த தீவில், அடுத்த தலைமுறையில், உள்ளூர் மொழி தெரியாதவர்கள் வந்து பெயர் எழுதினார்கள். இந்தக் கரையைப் பற்றி வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பெயர்ப் புத்தகத்தை வாசிப்பது

அச்சான வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். அளவையாளர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் கையால் எழுதிய பெயர்ப் புத்தகங்கள் உண்டு. இவை படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் பத்திகள் இருக்கும்: வரைபடத்தில் எழுதப்பட்ட பெயர், வேறு எழுத்துக்கூட்டல்கள், அவற்றைச் சொன்னவர் யார், இடம் எங்கே, சிறு விவரணை.

'சொன்னவர் யார்' என்ற பத்தியைத்தான் முதலில் பாருங்கள். துறையின் அச்சிட்ட அறிவுரைகள் பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே வரிசைப்படுத்தின: முதலில் நிலச் சொந்தக்காரர், அடுத்து எஸ்டேட் முகவர், பாதிரியார், அஞ்சல் அலுவலர், பள்ளி ஆசிரியர். சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட, நம்ப வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டலுக்கு வேண்டுமானால் அதில் கொஞ்சம் நியாயம் பார்க்கலாம். ஆனால் ஒரு கியோவுக்குள் இறங்கியே இராத எஸ்டேட் முகவருக்கு அதன் பெயர் எப்படித் தெரியும்? அவர் தன் பணியாளிடம் கேட்டிருப்பார், பணியாள் தன் அண்ணனிடம் கேட்டிருப்பான். ஒரு பெயருக்குச் சாட்சியாகப் படகோட்டியோ மேய்ப்பரோ எழுதப்பட்டிருந்தால், அந்தப் பதிவுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

லூயிஸுக்குத் தெற்கே ஹாரிஸ், யூயிஸ்ட் பக்கம் 1870-களில் அளவை நடந்தபோது அலெக்சாண்டர் கார்மைக்கேல் உதவிக்கு வந்தார். கலால் வரி அதிகாரி, தாய்மொழி கேலிக், தீவுகளின் வழிபாட்டுப் பாடல்களைத் திரட்டியவர் என்றுதான் இன்று அறியப்படுகிறார். உள்ளூர் மக்களிடம் நேரில் கேட்டுப் பெயர்களைச் சேகரித்துக் கொடுத்தார். கொடுத்தவை எல்லாம் கொடுத்தபடி வரைபடத்தில் ஏறவில்லை. அப்படியும், லூயிஸின் முதல் பதிப்பையும் ஹாரிஸின் முதல் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேலிக் தெரிந்த ஒரு காது என்ன வேறுபாட்டைக் கொண்டுவரும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

நில அளவை வரைபடத்தோடு கடற்படையின் கடல் வரைபடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் இரண்டும் கிடைக்கும். நில அளவையாளர் கரையில் நின்று பார்த்தார். கடற்படையினர் படகிலிருந்து பார்த்தார்கள். போவ பெயர்களும் நங்கூரமிடும் இடங்களும் பெரும்பாலும் கடல் வரைபடத்தில்தான் அகப்படும். இந்தப் பகுதிகளில் கடல் அளவை செய்த கேப்டன் எஃப். டபிள்யூ. எல். தாமஸ், பெயர்களில் உள்ள நோர்ஸ் அடுக்கைப் பற்றி 1870-களிலேயே எழுதியவர்.

பெரியவரிடம் கேட்கும்போது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குள் மேசையில் வரைபடத்தை விரித்து "இது என்ன பெயர்?" என்று கேட்டால் பாதிதான் கிடைக்கும். கரையை மேலிருந்து பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் அதைப் படகிலிருந்து, நெற்றிக்கு நேராகப் பார்த்தவர்கள். முடிந்தால் படகில் அழைத்துப் போங்கள். முடியாதென்றால் கடலிலிருந்து எடுத்த புகைப்படங்களைக் காட்டுங்கள். வேலையைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது: "கூண்டு போட எந்த வழியாகப் போவீர்கள்? முதலில் என்ன வரும்?" அப்போது பெயர்கள் வரிசையாக வரும். தனித்தனியாகக் கேட்டபோது மறந்துபோயிருந்த பெயர், வரிசையில் வரும்போது தானாக விழும்.

நீர் ஏற்றமா வற்றமா என்பதை ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வசந்த காலத்தில், ஏற்ற நேரத்தில், குன்றின் மேல் ஒரு முதிய மீனவரோடு நின்றிருந்தேன். அவர் கை நீட்டிப் பெயர் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்த பாறையில் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பெரிய வற்றத்தில் அவரோடு படகில் போனபோதுதான் தெரிந்தது, அவர் காட்டியது அதற்குப் பின்னால் மூழ்கிக் கிடந்த வேறொன்று. "அன்றைக்கு அது தண்ணீருக்குள் இருந்தது" என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அது தண்ணீருக்குள்ளும் தெரிந்திருக்கிறது.

இதே காரணத்துக்காக வரைபடத்திலிருக்கும் நீர்க்கோட்டையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைந்தது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின் (கடல் ஏறி வடிவதன்) ஏற்ற, வற்றக் கோடுகளை. இங்கிலாந்திலும் வேல்சிலும் சராசரி ஓதத்தின் கோடுகள். இரண்டு நாட்டு வரைபடத்தையும் ஒரே அளவுகோலால் படித்தால் பாறைகள் இடம் மாறும்.

ஒரு பாறைக்கு இரண்டு பெயர் வந்தால் பயப்பட வேண்டாம். வளைகுடாவின் இரண்டு பக்கமும் இரண்டு கிராமம் இருந்தால் இரண்டு பெயர் இருப்பது இயல்பு. ஒரு கிராமத்துக்குள்ளேயே, ஆடு மேய்த்தவர் மேல்விளிம்புக்கு ஒரு பெயரும், மீன் பிடித்தவர் அதன் அடிவாரத்துக்கு வேறு பெயரும் வைத்திருப்பார்கள். 'மேலிருந்து', 'கடலிலிருந்து' என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டால் போதும்.

பெயரைத் தனியாக ஒரு முறை, வாக்கியத்துக்குள் ஒரு முறை சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். "அங்கே போனேன்", "அங்கிருந்து வந்தேன்" என்று வாக்கியமாக்கும்போது சொல்லின் முதல் எழுத்து மாறும். அதிலிருந்துதான் பெயரின் அடிப்படை வடிவம் என்ன, முன்னால் ஆங்கில 'தி' போன்ற சுட்டுச் சொல் உண்டா இல்லையா என்று மொழி தெரிந்தவரால் முடிவு செய்ய முடியும். ஒலியைக் குறிக்கப் பன்னாட்டு ஒலிப்பு எழுத்தைப் பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வசதிதான். ஆனால் 'பல்' என்பதில் வரும் பகரத்துக்கும் 'கம்பம்' என்பதில் வரும் பகரத்துக்கும் நமக்கு ஒரே எழுத்து என்பதால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே எது என்று தெரியாது.

இன்னொன்று, மென்மையாகக் கையாள வேண்டியது. சில பாறைகளின் பெயரில் ஓர் ஆளின் பெயர் இருக்கும். அங்கே மூழ்கி இறந்தவராக அவர் இருக்கலாம், அந்தக் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கலாம். கதையைப் பொதுவில் போடுவதற்கு முன் அந்த வீட்டில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கதையை மூடிய பதிவில் வையுங்கள். ஒலிப்பதிவுக்கும் எழுத்துமூலமாகச் சம்மதம் வாங்குங்கள்.

'தவறு' போலத் தெரிவது எல்லாம் தவறல்ல

லூயிஸின் வட பகுதியில் ஹேபோஸ்ட் என்று ஒரு கிராமம். ஆங்கில வரைபடத்தில் ஹகரத்தில் தொடங்கும், கேலிக்கில் 'டாபோஸ்ட்'. யார் காதில் தவறு? யாருக்கும் இல்லை. மூல நோர்ஸ் பெயர் ஹகரத்தில் தொடங்கியது. கேலிக்கிலோ சொல்லின் தொடக்கத்தில் ஹகரம் கேட்டால், அது பெரும்பாலும் டகரம் இளகி வந்ததாக இருக்கும். அதனால் பேசுகிறவர்கள், இல்லாத ஒரு டகரத்தை 'மீட்டு' வைத்துவிட்டார்கள். இதைத் தெரியாமல் ஒருவர் இரண்டில் ஒன்றை அடித்துத் திருத்தினால், ஆயிரம் வருஷ வரலாற்றைத் திருத்திவிடுகிறார்.

எழுத்து விதியும் மாறியிருக்கிறது. பழைய கேலிக் நூல்களில் நெட்டுயிர்களின் மேல் வலப்பக்கம் சாயும் கோடும் உண்டு, இடப்பக்கம் சாயும் கோடும் உண்டு. 1981-இல் ஸ்காட்லாந்தின் பள்ளித் தேர்வு வாரியம் வகுத்த விதிகளுக்குப் பின் ஒரே வகைக் கோடுதான். ஆகவே 19-ஆம் நூற்றாண்டு ஆவணத்தை நகலெடுக்கும்போது கோட்டை 'சரிசெய்யாமல்' உள்ளபடியே எடுங்கள். இன்றைய தரப்படுத்திய வடிவம் தனிப் பத்தியில் இருக்கட்டும். அதை நீங்களாக உருவாக்க வேண்டாம். ஸ்கை தீவில் சவல் மோர் ஒஸ்டெக் கல்லூரியைத் தளமாகக் கொண்டு இயங்கும் கேலிக் இடப்பெயர் அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. உங்கள் பட்டியலையும் ஒலிப்பதிவையும் கொடுத்தால் பரிந்துரை சொல்வார்கள்.

பொருள் சொல்லும் ஆசையை மட்டும் ரொம்பவே அடக்கிக்கொள்ளுங்கள். செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தைப் பாருங்கள். அப்படி ஒரு புனிதர் கிடையாது. தீவின் கேலிக் பெயர் 'ஹிர்ட்'. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக் கடல் வரைபடத்தில் 'கில்டா' என்ற பெயர் தலை காட்டுகிறது, அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்தார்கள். எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கம் உண்டு. அதில் ஒன்று, அங்குள்ள 'டோபர் கில்டா' என்ற கிணற்றைக் காட்டுகிறது: 'டோபர்' கேலிக்கில் கிணறு, 'கெல்டா' நோர்ஸில் ஊற்று. கடைசி 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று தீவை விட்டு வெளியேறினார்கள். அதற்குப் பிறகு யாரும் அங்கே குடும்பமாக வாழ்ந்து பெயர் சொல்லவில்லை, ஆனால் இல்லாத புனிதரின் பெயர் உலக வரைபடங்களில் நிலைத்துவிட்டது. உங்கள் அட்டவணையில் 'பொருள்' என்ற பத்தி கடைசியில் இருக்கட்டும், 'யார் சொன்ன பொருள்' என்பதோடு இருக்கட்டும். ஊர்க்காரர் சொல்லும் கதை மொழியியல்படி தவறாக இருந்தாலும் அது ஊரின் சொத்து, அதையும் எழுதுங்கள்.

அட்டவணையை எப்படி அமைப்பது

இது உங்கள் துறை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு அட்டவணை வேண்டும். ஒன்றில் இடங்கள்: பாறை, கியோ, முனை என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வகை, வடிவம். மற்றொன்றில் சான்றுகள்: எந்த எண்ணுக்கான பெயர், எந்த வடிவில், எந்த மூலத்தில், எந்த ஆண்டில், யார் சொல்லி, ஓதம் என்ன நிலையில், எவ்வளவு உறுதி. ஓர் இடத்துக்குப் பத்துச் சான்று இருக்கலாம். வரைபடத்தில் எதை அச்சிடுவது என்பது கடைசியில் எடுக்கும் முடிவு, அந்த முடிவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் 1850-ஐக் காட்டும் வரைபடம் செய்வதால், அன்றைய எழுத்துக்கூட்டலைப் பாறையின் பக்கத்திலும் இன்றைய கேலிக் வடிவத்தை வேறு எழுத்துருவில் கீழேயும் போடலாம் என்பது என் கருத்து. ஊர்க்காரர்கள் தங்கள் பெயரைத் தங்கள் வரைபடத்தில் வாசிக்க முடிய வேண்டும்.

எல்லாவற்றையும் புள்ளியாகக் குறிக்காதீர்கள். கியோவுக்குக் கோடு, கடற்பாசிப் பங்குக்குப் பரப்பு, எல்லை தெரியாத மீன்பிடி இடத்துக்கு மங்கலான வட்டம். பழைய ஆறு அங்குலத் தாள்கள் அந்தந்த மாவட்டத்தின் சொந்த மையப்புள்ளியிலிருந்து வரையப்பட்டவை. இன்றைய கட்டத்தின் மேல் பொருத்தும்போது பத்து, இருபது மீட்டர் தள்ளுவது சாதாரணம். ஐந்து மீட்டர் அகலக் கியோவுக்கு அது பக்கத்துக் கியோவாகிவிடும். நேரில் பார்க்காததை 'நேரில் பார்க்கவில்லை' என்றே குறியுங்கள்.

ஒருவர் தனியாகச் செய்து காட்டியது

சோர்வு வரும்போது டிம் ராபின்சனை நினைத்துக்கொள்வேன். யார்க்ஷயரைச் சேர்ந்த ஆங்கிலேயர், கணிதம் படித்த ஓவியர். 1972-இல் அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் குடியேறினார். அங்கே அஞ்சலகம் நடத்திய ஒரு பெண்மணி, தீவுக்கு ஒரு நல்ல வரைபடம் செய்து தரக்கூடாதா என்று கேட்டார். ராபின்சன் கரை முழுவதையும் காலால் நடந்தார், ஐரிஷ் கற்றுக்கொண்டார், ஒவ்வொரு வெட்டுக்கும் பாறைக்கும் ஊர் மக்கள் சொன்ன பெயரை எழுதினார். 1975-இல் ஆரன் வரைபடம் வந்தது. பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரைப் பகுதிகளான பரன், 1990-இல் கானமாரா. அவரும் மொழி தெரியாமல்தான் போனார் என்பதை உங்களுக்காகச் சொல்கிறேன். 2020-இல் காலமானார். அவருடைய குறிப்புகள் கால்வே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அயர்லாந்தின் இடப்பெயர்த் தரவுத்தளமான லோகனிம் 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சிறு இடங்களின் பெயர்களை மக்களே சேர்க்க அதற்கு ஒரு துணைத்தளமும் உண்டு. உங்கள் அட்டவணையை வடிவமைக்கும் முன் அதை ஒரு முறை பாருங்கள்.

உங்கள் பக்கத்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951 முதல் தீவுகளில் ஒலிப்பதிவு செய்து வந்திருக்கிறது. அதில் பெரும் பகுதி 'டோபர் அன் துவல்கஷ்' தளத்தில் 2010 முதல் கேட்கக் கிடைக்கிறது. உங்கள் பகுதியைச் சேர்ந்தவர்களின் பதிவுகளைத் தேடுங்கள். இடப்பெயர் என்று தலைப்பு இல்லாவிட்டாலும், ஒரு மீன்பிடிக் கதையின் நடுவே நான்கு பாறைப் பெயர் விழும். பழைய பதிவுகளில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்களின் உச்சரிப்பு; உங்கள் 1850-க்கு அதைவிட நெருக்கமான குரல் கிடைக்காது. வரலாற்றுச் சங்கத்தின் அலமாரியையும் விடாதீர்கள். லூயிஸில் இந்தச் சங்கங்கள் 1970-களிலிருந்தே இருப்பதால், யாரோ ஓர் ஆசிரியர் கையால் எழுதிய பெயர்ப் பட்டியல் ஏதாவது ஒரு கோப்பில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அவசரம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. லூயிஸ் அடங்கிய வெளித் தீவுகளில் கேலிக் பேசுகிறவர்கள் 2011 கணக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேலே இருந்தார்கள், 2022-இல் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். அதிலும் துடுப்புப் படகில் கரையோரம் வேலை செய்தவர்கள் இன்னும் குறைவு. பெயர்ப் புத்தகம் பத்து வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும், பெரியவர் இருக்க மாட்டார். அதனால் ஆவணங்களை முடித்துவிட்டு ஆட்களிடம் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். முதலில் ஆட்கள்.

ஒரு மைல் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓத அட்டவணை பார்த்து இந்தக் கோடையில் பெரிய வற்றம் வரும் இரண்டு நாளைக் குறித்து, அந்தக் கரையில் கூண்டு போட்ட ஒருவரையும், முடிந்தால் கடற்பாசி பொறுக்கிய ஒரு பாட்டியையும் கேட்டு வையுங்கள். பாட்டியை விட்டுவிடாதீர்கள், கால் நனைத்து நடந்த இடங்களின் பெயர் அவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு மைலின் சான்று அட்டவணை தயாரானதும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.